முதல் சரக்கு: ஒரு குடும்பக் கடை டிபார்ட்மென்ட் ஸ்டோராக வளரும் விதம்

சென்னையில் தெருமுனை மளிகைக் கடைகூட 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்று பலகை மாட்டியிருக்கும். கூடையை எடுத்துக்கொண்டு பருப்பையும் சோப்பையும் நாமே பொறுக்கிப் போட்டுக்கொள்ளும் கடை அது. இங்கே பேசப்போவது வேறு ரகம். துணிமணி, செருப்பு, கைப்பை, சென்ட், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ், ஒரே பெயரில், கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கும் பெரிய கடைகள். அவற்றில் பலவற்றை ஏதோ ஒரு குடும்பம் ஒரே ஒரு சரக்கை வைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறது. அந்த முதல் சரக்கு எது என்பதைப் பார்த்தாலே, பிறகு அந்தக் கடை எதில் கெட்டிக்காரத்தனம் காட்டும், எங்கே சறுக்கும் என்பதைப் பாதி சொல்லிவிடலாம்.

முதலில் 'டிபார்ட்மென்ட்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது வெறும் தடுப்புச் சுவரோ மேலே தொங்கும் பலகையோ இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கொள்முதல் ஆள், கொள்முதலுக்கென்று தனிப் பணம், தனி இருப்பு, தனி லாப நட்டக் கணக்கு உண்டு. ஆண்கள் சட்டைப் பிரிவு இந்த மாதம் சதுர அடிக்கு எவ்வளவு விற்றது, பக்கத்துச் செருப்புப் பிரிவு எவ்வளவு விற்றது என்று முதலாளிக்குத் தனித்தனியாகத் தெரியும். தெரிந்தால்தான் எதற்கு இடத்தைக் கூட்டலாம், எதைச் சுருக்கலாம் என்று முடிவெடுக்க முடியும். பெயர், கட்டடம், கல்லா, வாடிக்கையாளர் இவை மட்டும் பொது. மால் அப்படி இல்லை. அங்கே கட்டடக்காரர் இடத்தைக் கொடுத்துக் காசு வாங்குபவர். கடைக்காரரின் சரக்கு தேங்கினால் அது கடைக்காரர் பாடு.

இந்த இரண்டு வகையையும் அண்ணா சாலையில் ஒரே மனையில் பார்த்த ஊர் சென்னை. 1860-களில் சார்லஸ் டுரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் இருவரும் தொடங்கிய 'ஸ்பென்சர்' கடை, பின்னர் யூஜின் ஓக்ஷாட் கைக்குப் போய், 1895-இல் மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலையின் பழைய பெயர்) பெரிய கட்டடத்துக்கு வந்தது. 80-க்கும் மேற்பட்ட பிரிவுகள் அதில் இருந்தன. 1983-இல் அது தீக்கு இரையானது. அதே இடத்தில் பிறகு எழுந்த ஸ்பென்சர் பிளாசா ஒரு மால். பழையது சரக்கை விற்றது, புதியது இடத்தை விற்றும் வாடகைக்கு விட்டும் பிழைத்தது.

விலைச்சீட்டு செய்த வேலை

டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் எல்லோரும் முதலில் குறிப்பிடுவது பாரிஸின் 'ல பான் மார்ஷே'. 1852-இல் அரிஸ்டீட் பூசிகோ அதில் பங்குதாரரானார். அதற்கு முன் அந்த ஊர்க் கடைகளில் உள்ளே நுழைந்தவர் வாங்காமல் திரும்புவது மரியாதைக் குறைவு. விலையோ ஆளைப் பார்த்துச் சொல்வது. பூசிகோ ஒவ்வொரு பொருளிலும் விலையை எழுதி வைத்தார், சும்மா சுற்றிப் பார்க்க விட்டார், பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் வாடிக்கையாளருக்குச் செய்த சலுகை என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். உண்மையில் முதலாளிக்கே இதில் பெரிய லாபம் இருந்தது. பேரம் நடக்கிற கடையில் எவ்வளவு வரை இறங்கலாம் என்பது முதலாளிக்கும் அவர் மகனுக்கும்தான் தெரியும். நான்கு மகன்கள் இருந்தால் நான்கு இடத்தில் வியாபாரம் நடக்கும், அதற்கு மேல் கடை வளராது. விலைச்சீட்டு வந்துவிட்டால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் விற்கலாம். குடும்பத்தின் தலை எண்ணிக்கை வியாபாரத்துக்கு வரம்பாக இருந்த நிலை அதோடு போய்விடுகிறது.

ஆனால் வெளியாள் விற்க ஆரம்பித்ததும் வேறொரு கவலை வந்து சேர்கிறது: பணம். தி. நகர் ஜவுளிக் கடைகளில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு, இன்றும் பல கடைகளில் பார்க்கலாம். சேலையை விரித்துக் காட்டுபவர் பணத்தைத் தொடமாட்டார். அவர் சீட்டு எழுதிக் கொடுப்பார், பில்லிங் கவுண்டரில் பணம் கட்டுவோம், சேலை நம் கைக்கு வருவது டெலிவரி கவுண்டரில். அங்கே இருப்பவர் பில்லில் உள்ள எண்ணையும் விலையையும் சேலையில் தொங்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்துவார். வாசலில் காவலாளி பில்லை இன்னொரு முறை பார்ப்பார். வாடிக்கையாளருக்கு இது எரிச்சல்தான். ஆனால் 800 ரூபாய் பில்லைக் காட்டி 8,000 ரூபாய்ச் சேலை வெளியே போக வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேராவது கூட்டுச் சேர வேண்டும். பார்கோடு வந்த பிறகும் டெலிவரி கவுண்டர் போகாததற்குக் காரணம் இதுதான்.

செருப்பில் தொடங்கிய குடும்பம்

குடும்பம் தொடங்கி உயர்தரச் சங்கிலியாக வளர்ந்த கடை ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் நல்ல உதாரணம். ஜான் டபிள்யூ. நார்ட்ஸ்ட்ராம் ஸ்வீடனிலிருந்து 1887-இல், 16 வயதில், கப்பல் ஏறியவர். கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்து, 1897-இல் கனடாவின் கிளான்டைக் பகுதிக்குத் தங்க வேட்டைக்குப் போய், 13,000 டாலரோடு அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகருக்குத் திரும்பினார். தங்க வேட்டையில் பழக்கமான கார்ல் வாலின் ஒரு செருப்புத் தொழிலாளி. இருவரும் சேர்ந்து 1901-இல் 'வாலின் அண்டு நார்ட்ஸ்ட்ராம்' என்று ஷூ கடை போட்டார்கள். முதல் நாள் வியாபாரம் பன்னிரண்டரை டாலர்.

அறுபது ஆண்டுக்கு மேல் அவர்கள் விற்றது செருப்பும் ஷூவும்தான். அது ஏன் முக்கியம் என்பது கணக்கில் தெரியும். நம் ஊர்க் கடை ஒன்றில் ஆண்கள் ஷூ ஒரே ஒரு மாடல் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 6 முதல் 11 வரை ஆறு சைஸ். நடு சைஸ்தான் அதிகம் போகும் என்பதால் 1, 2, 3, 3, 2, 1 என்ற விகிதத்தில் வாங்குவோம். ஒரு நிறத்துக்கு 12 ஜோடி, இதுதான் ஒரு செட். மூன்று நிறம் என்றால் 36 ஜோடி. ஐம்பது மாடல் வைத்தால் 1,800 ஜோடி. கொள்முதல் விலை ஜோடிக்கு 800 ரூபாய் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். இதுவே அமெரிக்கக் கணக்கில் 5 முதல் 11 வரை அரை சைஸ்களையும் சேர்த்தால் 13. ஒவ்வொன்றிலும் நான்கு அகலம் வைத்தால் ஒரு நிறத்துக்கே, சைஸுக்கு ஒன்று என்றாலும், 52 ஜோடி.

சங்கடம் இனிமேல்தான். முதல் இரண்டு வாரத்தில் 8, 9 இரண்டும் தீர்ந்துபோகும். மிச்சம் இருப்பது 6, 7, 10, 11. கடைக்காரர்கள் இதை 'சைஸ் உடைந்த செட்' என்பார்கள். இருப்புக் கணக்கில் பாதிச் சரக்கு இருப்பதாகக் காட்டும், ஆனால் கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற முதலாளி 'சரக்குதான் இருக்கிறதே' என்று மறு ஆர்டரை நிறுத்திவிடுவார். சைஸ்வாரியாகப் பார்க்கிறவர் 8-ஐயும் 9-ஐயும் மட்டும் தனியாக வரவழைப்பார், அல்லது இரண்டு கிளையில் உடைந்து கிடக்கும் செட்களை ஒரே கிளைக்குக் கொண்டுவந்து ஒன்றாக்குவார். ஷூ விற்கத் தெரிந்த ஊழியர் கிடங்குக்குள் போனால் ஒரு பெட்டியோடு திரும்பமாட்டார். கேட்டது ஒன்று, அதே மாடலில் அடுத்த சைஸ் ஒன்று, கேட்டது இல்லாமல் போனால் அதற்கு நெருங்கியது ஒன்று. வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு வெறும் கையோடு திரும்பி வந்தால் அந்த வியாபாரம் அங்கேயே முடிந்தது.

நார்ட்ஸ்ட்ராம் குடும்பத்தில் அடுத்தடுத்த தலைமுறைகளும் இந்தக் கிடங்கில்தான் வேலை பழகினார்கள். 'அங்கே போனால் எந்தக் காலுக்கும் ஷூ கிடைக்கும்' என்ற பெயரும், முழங்காலிட்டு வாடிக்கையாளருக்கு ஷூ மாட்டிவிடும் பழக்கமும் அந்தச் சரக்கு கற்றுக்கொடுத்தவை.

இனி சென்னைக்கு வருவோம். நல்லி 1928-இல் தி. நகரில் தொடங்கியது, அதன் வேர் காஞ்சிபுரத்து நெசவு. போத்தீஸ் 1923-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஆர்.எம்.கே.வி. 1924-இல் திருநெல்வேலியிலும் தொடங்கியவை. எல்லாவற்றுக்கும் முதல் சரக்கு சேலையும் துணியும். சேலைக்கு சைஸ் கிடையாது! ஐந்தரை மீட்டர் எல்லோருக்கும் ஐந்தரை மீட்டர்தான். அதனால் சேலைக் கடைக் குடும்பம் வேறொரு வித்தையில் தேறியிருக்கும்: நிறம், கரை, முந்தி, ஊருக்கு ஊர் மாறும் ரசனை, தறிக்காரரோடு பல ஆண்டுத் தொடர்பு. பட்டில் ஒரே மாதிரி இரண்டு சேலை இருக்கக் கூடாது என்பதே வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு. ஷூ கடையில் ஒரே மாடல் 36 ஜோடி இருந்தால்தான் பலம். பட்டுக் கடையில் ஒரே சேலை 36 இருந்தால் மானம் போய்விடும்.

சேலை கெடும் விதமும் வேறு. மடிப்பில் ஜரிகை கறுக்கும், ஒரே மடிப்பிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில் பட்டு இற்றுப்போகும். அதனால் விற்காத சேலைகளைப் பிரித்து மடிப்பை மாற்றி வைப்பது கடையில் ஓயாத வேலை. நடுப்பகல் கூட்டமில்லாத நேரத்தில் ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொழுதைப் போக்க அல்ல, முதலைக் காக்க.

இந்தப் பழக்கத்தோடு ஒரு சேலைக் குடும்பம் ஆயத்த ஆடை மாடியைத் திறந்தால் முதல் நட்டம் எங்கே வரும் என்று இப்போது ஊகிக்கலாம். சேலை வாங்குகிற மாதிரியே சட்டையை வாங்குவார்கள். நூறு டிசைன் அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றிலும் சைஸுக்கு ஒன்றே ஒன்று வைப்பார்கள். மாடி நிறைந்து கண்ணுக்கு நன்றாக இருக்கும். மூன்றாம் வாரம் எந்தச் சட்டையிலும் 40-ம் 42-ம் இருக்காது. இருபது டிசைனை எடுத்து ஒவ்வொன்றிலும் ஆழமாக வைத்திருந்தால் விற்பனை கூடியிருக்கும்.

துணிக்குத் தாவியபோது

நார்ட்ஸ்ட்ராம் எதிர்த் திசையில் போனது. செருப்பிலிருந்து துணிக்கு. சொந்தமாகக் கற்றுக்கொள்ளக் காத்திருக்காமல், 1963-இல் சியாட்டிலில் இருந்த 'பெஸ்ட் அப்பாரல்' என்ற பெண்கள் ஆடைக் கடையையே விலைக்கு வாங்கினார்கள். ஆடை தெரிந்த ஆட்கள் கடையோடு சேர்ந்து வந்தார்கள். சில ஆண்டுகள் 'நார்ட்ஸ்ட்ராம் பெஸ்ட்' என்றே பெயர் ஓடியது. 1971-இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள், 1973-இல் பெயர் நார்ட்ஸ்ட்ராம் மட்டும் ஆனது. 1978-இல் கலிபோர்னியா, 1988-இல் கிழக்குக் கரை. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கள் அறிந்த மேற்குக் கரையை விட்டு அதிகம் நகரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1973-இல் சியாட்டில் கடையின் அடித்தளத்தில் 'ராக்' என்று ஒரு தள்ளுபடிப் பகுதியைத் திறந்தார்கள். பின்னால் அது தனிச் சங்கிலியாகவே வளர்ந்தது. இது எதற்கு என்று புரிய, ஒரு சட்டையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜி.எஸ்.டி.யை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

கொள்முதல் 500 ரூபாய், விற்பனை விலை 1,000. நூறு சட்டை வாங்க 50,000 ரூபாய் போட்டாயிற்று. 60 சட்டை முழு விலைக்குப் போனால் 60,000. அடுத்த 25 சட்டை 30 சதவீதத் தள்ளுபடியில், 17,500. அடுத்த 10 சட்டை பாதி விலையில், 5,000. மிச்சம் ஐந்து: கறை, கிழிசல், திருட்டு. மொத்தம் 82,500, மொத்த லாபம் 32,500, அதாவது விற்பனையில் 39 சதவீதம் சொச்சம். 'நூறு சதவீத லாபம் வைத்து விற்கிறான்' என்று வெளியே பேசிக்கொள்ளும் கடையின் நிலை இது. இன்னும் வாடகை, சம்பளம், ஏ.சி. மின்கட்டணம், கார்டு கட்டணம், விளம்பரம் எதையும் கழிக்கவில்லை. இதே நூறில் முழு விலைக்கு 40 மட்டும் போய், 30 சட்டை 30 சதவீதத்திலும் 25 சட்டை பாதி விலையிலும் போனால் வருவது 73,500. மொத்த லாபம் 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். விலையை யாரும் மாற்றவில்லை, வாங்கியவர் தேர்வு தப்பியதுதான் காரணம். ஆகவே இந்தத் தொழிலில் கெட்டிக்காரர் என்றால் முழு விலைக்கு விற்கும் பங்கைக் கூட்டுபவர். தேங்கியதை அழகான மாடியிலேயே குவித்து வைத்தால் பக்கத்திலிருக்கும் புதுச் சரக்கின் மதிப்பும் இறங்கும். அதைக் கண் மறைவாக வேறிடத்தில் தள்ளிவிடத்தான் ராக்.

வரியைச் சேர்த்தால் இன்னொரு சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரிக்கு முந்தைய விலை 2,500 என்றால் வாடிக்கையாளர் தருவது 2,625. விலையை 2,600 ஆக்கினால் 3,068. நூறு ரூபாய் கூட்டப்போய் வாடிக்கையாளர் தரும் தொகை 443 ரூபாய் ஏறுகிறது. உயர்தர ஆடை விற்பவர்கள் 2,500-க்கும் 3,000-க்கும் இடையே விலை வைப்பதற்கு முன் இருமுறை யோசிப்பார்கள்.

தள்ளுபடி என்றதும் ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை, பட்டு வாங்க ஆள் இல்லை. தீபாவளிக் கொள்முதலுக்குப் பணமும் அலமாரியும் தேவை. எனவே இருப்பதைத் தள்ளிவிடு என்பதுதான் ஆடித் தள்ளுபடியின் அடிப்படை. கூட்டம் பழகிய பிறகு ஆடிக்கென்றே மலிவாகத் தயாரித்த சரக்கும் வர ஆரம்பித்தது. நார்ட்ஸ்ட்ராமின் பெரிய தள்ளுபடி விற்பனையும் ஜூலையில்தான் வரும், ஆனால் ஏற்பாடு தலைகீழ். வரப்போகும் இலையுதிர்காலத்தின் புதுச் சரக்கை முன்கூட்டியே குறைந்த விலைக்கு வைப்பார்கள். விற்பனை முடிந்ததும் விலை ஏறும். எந்த டிசைன், எந்த சைஸ் ஓடும் என்பது பருவம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும், மறு ஆர்டர் போட நேரமும் இருக்கும். ஆடித் தள்ளுபடி போன பருவத்தைக் கழிக்கிறது, நார்ட்ஸ்ட்ராமுடையது வரும் பருவத்தைச் சோதிக்கிறது. நம் ஊர்க் கடைகள் இதை இன்னும் அதிகம் முயன்று பார்க்கவில்லை என்பது வியப்புதான்.

அலமாரியில் இருப்பது யாருடையது

பெரிய கடையில் நாம் பார்ப்பதெல்லாம் கடைக்குச் சொந்தம் இல்லை. மூன்று விதமான ஏற்பாடு உண்டு. காசு கொடுத்து வாங்கி வைப்பது முதல் விதம்: லாபம் அதிகம், தேங்கினால் நட்டமும் கடைக்கே. 'விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்' என்பது இரண்டாவது. மூன்றாவதில், பிராண்டுக்காரர் கடைக்குள்ளேயே தன் அலமாரியும் ஆளும் வைத்து விற்பார். விற்பனையில் ஒரு சதவீதம் கடைக்கு. அழகுசாதனப் பொருள், கைக்கடிகாரப் பிரிவுகளில் இந்த மூன்றாவது மிக அதிகம்.

1991-இல் மும்பை அந்தேரியில் தொடங்கிய ஷாப்பர்ஸ் ஸ்டாப், இந்தியாவில் தன் முதல் கடையை 1999-இல் சென்னையில் திறந்த லைஃப்ஸ்டைல் இரண்டும் பல பிராண்டுகளைக் கூட்டி வைத்து விற்கும் வழியில் வளர்ந்தவை. டாடாவின் வெஸ்ட்சைடு பெரும்பாலும் சொந்தப் பெயர்ச் சரக்கையே விற்கிறது. பிராண்டுக்காரரின் ஏற்பாட்டில் ஆபத்து குறைவு, ஆனால் பக்கத்து மாலிலும் அதே சட்டை அதே விலைக்குக் கிடைக்கும். சொந்தப் பெயரில் போட்டி இல்லை. ஆனால் டிசைன் தப்பினால் திருப்பி அனுப்ப ஆள் கிடையாது.

வாங்குபவருக்கு இதில் என்ன என்றால், மாற்றித் தருவதில்தான் வித்தியாசம் தெரியும். ஊழியர் பிராண்டின் சட்டை போட்டுக்கொண்டு நின்றால், அங்கே வாங்கியதற்கு மாற்றும் விதி பெரும்பாலும் அந்த பிராண்டுடையது. கடையின் தள்ளுபடி, புள்ளி அட்டை செல்லுமா என்பதைப் பில் போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

திருப்பி வாங்கும் கடையும் நிற்கும் ஊழியரும்

நார்ட்ஸ்ட்ராமுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது திருப்பி எடுத்துக்கொள்வதில் காட்டும் தாராளம். அலாஸ்காவில் 1975-இல் அவர்கள் வாங்கிய கடை ஒன்றில், முந்தைய கடைக்காரர் விற்ற டயரை ஒருவர் கொண்டுவர, டயரே விற்காத நார்ட்ஸ்ட்ராம் பணத்தைத் திருப்பித் தந்ததாக நிறுவனம் இன்றும் பெருமையோடு சொல்கிறது. கதையின் இனிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இது கணக்கோடு செய்கிற செலவு. ஷூ வாங்கியவர் 'கடித்தால் திருப்பிவிடலாம்' என்ற தைரியத்தில் இரண்டாவது ஜோடியையும் எடுப்பார். திரும்பி வரும் சரக்கின் நட்டத்தைவிட அந்தத் தைரியத்தால் கூடும் விற்பனை அதிகமாக இருக்கும் வரை இது லாபம். முழு விலைக்கு விற்கும் பங்கு அதிகமுள்ள கடைக்கே இது கட்டுபடியாகும். ஆடித் தள்ளுபடிக் கவுண்டரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதியிருப்பதும் அதே கணக்கின் மறுபக்கம்தான்.

இந்த உபசாரத்தின் சுமை ஊழியர் தலையில் விழுந்ததும் உண்டு. விற்பனைக் கமிஷனை நம்பிய சம்பள முறையில், வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது, வீட்டுக்குப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பது போன்றவை வேலை நேரக் கணக்கில் வராமல் நடந்தன. 1990-இல் வாஷிங்டன் மாநிலத் தொழிலாளர் துறை, இந்த நேரத்துக்கும் சம்பளம் தந்திருக்க வேண்டும் என்று சொன்னது. இங்கே சிக்கல் இன்னும் அடிப்படையானது: உட்காரவே இடமில்லாமல் நாள் முழுக்க நிற்பது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்து, ஊழியர்களுக்கு இருக்கை வைப்பது கட்டாயமானது. சட்டம் வந்த பிறகும் எத்தனை மாடியில் நாற்காலி இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

இரண்டாவது கிளை

முதல் கடை ஓடுகிறது, இன்னொன்று போடலாம் என்று தோன்றும்போது பார்க்க வேண்டிய முதல் எண் வாடகை. 10,000 சதுர அடி, மாதம் அடிக்கு 100 ரூபாய் என்றால் வாடகை 10 லட்சம். வாடகை விற்பனையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்தால், மாதம் ஒரு கோடி விற்க வேண்டும். சொந்தக் கட்டடத்தில் வளர்ந்த குடும்பங்கள் இங்கேதான் ஏமாறும். தி. நகரில் தாத்தா வாங்கிய மனைக்கு வாடகையே கணக்கில் எழுதுவதில்லை. அந்த லாபத்தை நம்பி வேளச்சேரி மாலிலோ தாம்பரத்திலோ கடை போட்டால் ஆறாவது மாதமே கை கடிக்கும். சொந்த இடத்துக்கும் சந்தை வாடகையைக் கணக்கில் எழுதிப் பார்த்தால்தான் முதல் கடையின் லாபம் வியாபாரத்தில் வந்ததா, மனையில் வந்ததா என்று தெரியும்.

இரண்டாவது, சரக்கு. தி. நகரில் விற்பதையே அப்படியே அனுப்பக் கூடாது. தி. நகருக்கு வெளியூரிலிருந்து கல்யாணக் கூட்டம் வரும், புறநகர்க் கிளைக்கு அலுவலகம் போகிறவர்கள் சனி, ஞாயிறு வருவார்கள். முகூர்த்தப் பட்டை அங்கே குவித்தால் மடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தீ பற்றியும் சொல்ல வேண்டும். 2017 மே 31-இல் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றி எரிந்து, கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்தது. பல மாடி, மாடிதோறும் துணி, காற்றும் ஏணியும் நுழைய வழியில்லாத மூடிய முகப்பு, நெரிசலான சாலை. இவை சேர்ந்தால் தீயணைப்பு வண்டி வந்து நின்றும் பயன் குறைவு. படிக்கட்டில் அட்டைப் பெட்டி அடுக்குவதை மட்டும் நிறுத்தினாலே ஆபத்து கணிசமாகக் குறையும்.

நார்ட்ஸ்ட்ராமுக்கும் தூரம் பிடிபடவில்லை. 2014-இல் கால்கரியில் தொடங்கிக் கனடாவுக்குள் போனார்கள். 2023-இல் அங்கிருந்த ஆறு பெரிய கடைகளையும் ஏழு ராக் கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். சுமார் 2,500 பேர் வேலை போயிற்று.

குடும்பமும் பங்கும் பெயரும்

1928-இல் ஜான் நார்ட்ஸ்ட்ராம் தன் பங்கை மகன்களுக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார். கொடுக்கவில்லை, விற்றார். அடுத்த ஆண்டு வாலினும் தன் பங்கை அவர்களுக்கே விற்றார். இதனால் அப்பா சாகும்வரை சாவியை இடுப்பில் முடிந்துகொண்டிருக்கும் நிலை அங்கே வரவில்லை. 1968-இல் பொறுப்பேற்ற மூன்றாம் தலைமுறையில் மருமகன் ஒருவரும் சேர்ந்தே நிர்வகித்தார். தொண்ணூறுகளின் கடைசியில் தலைமை வெளியாளுக்குப் போய், 2000-இல் மறுபடி குடும்பத்துக்கே வந்தது.

பங்குச் சந்தைக்குப் போனால் கிளை போடப் பணம் கிடைக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும், பங்கு விலை இறங்கினால் பதில் சொல்ல வேண்டும். 2018-இல் குடும்பம் பங்குக்கு 50 டாலர் தந்து நிறுவனத்தை முழுக்கத் திரும்ப வாங்க முயன்றது. இயக்குநர் குழு நியமித்த தனிக் குழு அது போதாது என்று மறுத்தது. 2025 மே மாதத்தில் மெக்சிகோவின் எல் புவெர்ட்டோ டி லிவர்பூல் நிறுவனத்தோடு சேர்ந்து குடும்பம் அதை வாங்கி முடித்தபோது விலை 24 டாலர் 25 சென்ட். குடும்பத்தின் பங்கு 50.1 சதவீதம். அன்று 50 டாலர் வேண்டாம் என்றதன் விலை சாதாரணப் பங்குதாரர்களுக்குப் புரிந்திருக்கும்.

சென்னைக் குடும்பக் கடைகளில் பிரச்சினை வேறு வடிவில் வரும். அண்ணன் தம்பிகள் கூட்டாகத் தொடங்குவார்கள், வியாபாரம் பெருகும், பிள்ளைகள் தலையெடுப்பார்கள், பிறகு பாகம் பிரியும். கட்டடத்தைப் பிரிக்கலாம், சரக்கைப் பிரிக்கலாம், பெயரைப் பிரிப்பதுதான் கஷ்டம். 1970-இல் ரங்கநாதன் தெருவில் தொடங்கிய சரவணா ஸ்டோர்ஸ் பெயரில் இன்று வெவ்வேறு ஒட்டுப்பெயர்களோடு தனித்தனிக் கடைகள் நடப்பதை ஊரே அறியும். எது எதனுடைய கிளை என்று வெளியூரிலிருந்து வருபவர் குழம்பத்தான் செய்வார்.

இதைத் தவிர்க்க, கூட்டு நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை உண்டு. பெயர் யாருக்குச் சொந்தம், ஆளுக்கா நிறுவனத்துக்கா. பிரிந்து போகிறவர் அதே பெயரை வேறு தொழிலிலோ வேறு ஊரிலோ வைக்கலாமா. பங்கை விற்றால் முதலில் யாரிடம் கேட்க வேண்டும், விலையை யார் நிர்ணயிப்பது. கூட்டாண்மைப் பத்திரத்தில் இவை இல்லாமல் பழைய மாதிரியை நகலெடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வணிகக் குறியைப் பதிவு செய்யும் அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது. துணிக்கு 24-ஆம் வகுப்பு, ஆயத்த ஆடைக்கும் செருப்புக்கும் 25, நகைக்கு 14, சில்லறை விற்பனைச் சேவைக்கு 35. ஜவுளிக் கடைதானே என்று 24-இல் மட்டும் பதிந்துவிட்டு, பத்து ஆண்டு கழித்து நகை மாடி திறக்கும்போது அதே பெயரை 14-இல் வேறொருவர் பதிந்திருப்பதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும்.